ஆறு மார்க் டீச்சருக்கு விழுந்த பொத்தான்கள்

பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆறு மார்க். பத்துக்கு ஆறுக்கு மேல் அவள் யாருக்கும் போட்டதில்லை. மலைக்கு நடுவே சூரியன் வரைந்தவளுக்கும் ஆறு, மலையே இல்லாமல் சூரியனை மட்டும் வரைந்தவளுக்கும் ஆறு. ஒருத்தி தன் செருப்பைப் பார்த்து, வார் அறுந்த இடம்கூட விடாமல் வரைந்து கொண்டுவந்தாள். டீச்சர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளுக்கும் ஆறுதான் போட்டாள்.

"ஏழு குடுத்தா இதோட நிறுத்திடுவா" என்று ஆசிரியர் அறையில் காரணம் சொன்னாள்.

"ஏழுங்கற நம்பரே டீச்சருக்குத் தெரியாதுடி" என்றாள் கணக்கு டீச்சர், அவள் வெளியே போன பிறகு.

இரண்டும் உண்மையில்லை. ஏழிலிருந்து பத்து வரைக்கும் உள்ளதை அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

ஓவியக் கல்லூரியில் அவள் முதல் மாணவி. அதை அவளாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும். படிப்பு முடிந்ததும் தலைநகரத்துக்குப் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தாள். அதற்குள் பள்ளிக்கூட வேலை வந்தது. வேலையைப் பார்த்து மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் குடித்தனம் அமைந்தது. மகன் பிறந்தான், படித்தான், வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டான். இவ்வளவுக்கும் நடுவில் அவளிடம் தேயாமல் தங்கியது ஏளனம் ஒன்றுதான். அதைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். பேருந்து நிலையத்துச் சிலைக்கு ஒரு கை நீளம் என்பாள். ஆஸ்பத்திரிச் சுவரில் சிரிக்கும் குழந்தைப் படத்தைக் காட்டி, "இதப் பாத்தே பாதிப் பேருக்கு ஜுரம் ஏறும்" என்பாள். நாத்தனார் கட்டிய புது வீட்டுக்குப் போனபோது, சுவருக்கு அடித்திருந்த நிறத்தைப் பார்த்து வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து நாத்தனார் பேசுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லை. அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டியதில்லை அல்லவா.

இந்த ஏளனத்தின் நல்ல பாகம் முழுவதையும் வட்டாரக் கலைஞர் குழுவுக்கென்று ஒதுக்கியிருந்தாள். குழு என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். தலைவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைகளைத் தவிர வேறெதையும் வரைய மாட்டார். அந்தக் குதிரைகள் எல்லாமே, கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கும். சிற்பி ஒருவன் உண்டு. அவனைக் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பிகளை வளைத்து வைத்து, கீழே 'மௌனம்' என்று எழுதி ஒட்டுவான். இரும்பு பாட்டா பாடும் என்பாள் டீச்சர். டிவிக்காரி என்று ஒரு சின்னப் பெண். பழைய டிவி ஒன்றைக் கொண்டுவந்து அதில் குழாய் சொட்டுவதை நாள் முழுக்க ஓட்டுவாள். பார்க்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள்.

இவர்களையெல்லாம்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதவர் பல் டாக்டர்தான். அவர் படத்தில் வருஷம் தவறாமல் கடலில் சூரியன் மறையும். பற்பசையைப் பிதுக்கிப் பூசியது போல ஒரு இளஞ்சிவப்பு. அதன்மேல் இரண்டு பறவை, ஒரு படகு. போன வருஷத்துப் படங்களைத் தன் மருத்துவமனையில் நோயாளியின் நாற்காலிக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார். வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர் என்ன மறுத்துப் பேச முடியும். ஒரு முறை டீச்சரும் கடைவாய்ப் பல்லுக்காக அந்த நாற்காலியில் கிடந்திருக்கிறாள். பல் வலியைவிட எதிரே இருந்த படகுதான் அதிகம் படுத்தியது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

குழு வருஷத்துக்கு ஒரு முறை நூலகத்து மாடிக் கூடத்தில் கண்காட்சி வைக்கும். கண்காட்சி என்பது ஒரு சாக்கு. தலைநகரத்தில் நடக்கிற பெரிய கண்காட்சிக்கு ஒவ்வொரு வட்டாரமும் ஒரே ஒரு படைப்பை அனுப்பலாம். அந்த ஒன்று யாருடையது என்பதற்குத்தான் இத்தனை ஆணியும் சுத்தியலும்.

முதலில் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவரவர் அவரவருக்கே தூக்கினார்கள். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கை. சமமாக வந்தால் தலைவரின் முடிவே முடிவு என்று விதி இருந்ததால் மூன்று வருஷம் தொடர்ந்து குதிரைகளே தலைநகரம் போயின. நாலாம் வருஷம் கம்பி மேஜையைக் குத்தினான். அதன் பிறகு விதி மாறியது. தன் படைப்புக்குத் தானே போடக் கூடாது. ஒவ்வொரு படைப்புக்கும் கீழே ஒரு டம்ளர். ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். ஒவ்வொருவராகத் தனியே கூடத்துக்குள் போய் பொத்தானைப் போட்டுவிட்டு வர வேண்டும். தன் டம்ளரிலேயே யாரும் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள நூலகத்துக் காவலாளி உள்ளே ஸ்டூல் போட்டு உட்காருவார். முதல் தடவை எவர்சில்வர் டம்ளர் வைத்தார்கள். உள்ளே 'டிங்' என்று சத்தம் கேட்டதும் வெளியே இருந்தவர்கள் கதவில் காதை வைத்து, எந்தச் சுவர், எந்த மூலை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து காகித டம்ளர்.

விதி நல்ல விதிதான். ஆனால் இவர்கள் கையில் அது என்ன ஆயிற்று என்றால், ஒவ்வொருவரும் உள்ளே போனதும் ஒரே மாதிரி யோசித்தார்கள். நல்ல படத்துக்குப் போட்டால் அது நம்மை முந்திவிடும். ஆகவே எது எந்தக் காலத்திலும் முந்தாதோ அதற்குப் போடுவோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து அவர்கள் எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. முடிவில், சுவரில் இடம் காலியாக இருக்கிறதே என்று தலைவரின் மனைவி கொண்டுவந்து மாட்டிய தலையணை உறை அமோகமாக ஜெயித்தது. அதில் ஒரு கிளி தைத்திருந்தது. அடுத்த வருஷம் களிமண் தவளை. அதற்கடுத்த வருஷம் யாரோ உலர வைத்திருந்த, தூரிகை துடைக்கிற துணி. அதைப் படைப்பென்று நினைத்து அதன் கீழேயும் டம்ளர் வைத்துவிட்டார்கள்.

தலைநகரத்துக்காரர்கள் அசரவில்லை. ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கி மாட்டினார்கள். துணியைப் பற்றி ஒரு விமர்சகர், கைத்தேர்ச்சியை வேண்டுமென்றே துறந்த துணிச்சல் இந்த வட்டாரத்தின் தனித்தன்மை என்று எழுதினார். அந்தக் கத்தரித்த செய்தித்தாளைச் சட்டம் போட்டு நூலகத்தில் மாட்டினார்கள். தங்களுக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது என்று தெரிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்.

டீச்சரின் டம்ளர் வருஷாவருஷம் காலியாகவே இருக்கும். ஒரு பொத்தான்கூட விழாது. மற்றவர்கள் என்றால் முகம் தொங்கிப்போயிருக்கும். அவளுக்கோ அந்தக் காலி டம்ளர்தான் பதக்கம். "பயப்படறானுங்க" என்று கணவரிடம் சொல்வாள். "என் படத்துக்கிட்ட வரவே கை நடுங்குது."

"அப்ப உன் பொத்தான நீ யாருக்குப் போட்டே?"

"பல் டாக்டருக்குத்தான். அதவிட மட்டமா ஒண்ணு இனிமே பொறந்து வரணும்."

மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு மட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் தன் கொள்கையில் உறுதியாக இருந்தாள். என்ன தவளை வந்தாலும் என்ன கிளி வந்தாலும் அவள் பொத்தான் கடல் சூரியனுக்குத்தான்.

இந்த வருஷம் நிலைமை வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. கடையை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றான். கணவர் சரி என்றுவிட்டார். ஆக இதுதான் அவளுடைய கடைசிக் கண்காட்சி. தலைநகரத்துச் சுவரில் அவள் படம் தொங்க வேண்டுமென்றால் இப்போது தொங்கினால்தான் உண்டு. காலி டம்ளர் இந்த முறை பதக்கம் ஆகாது. அது வெறும் காலி டம்ளர்தான்.

அதற்காக அவள் கீழே இறங்கி வரவில்லை. மட்டமாக வரைந்தால் ஜெயிக்கலாம் என்று தெரிந்தும் அதை நினைக்கவே அருவருத்தாள். பொறாமைக்காரர்களுக்கே பொறாமை மறந்துபோகிற மாதிரி ஒரு படம் வரைய வேண்டும். உள்ளே வந்தவன் கணக்கை மறந்து, கையிலுள்ளதைத் தன்னை அறியாமல் அதன் டம்ளரில் போட்டுவிட வேண்டும். அப்படி ஒரு படம்.

கணவரின் கடைச் சுவரையே வரைந்தாள். வரிசை வரிசையாக மூக்குக்கண்ணாடிகள், முகம் ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கப் பார்க்கிறது, பார்ப்பவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடையின் ஓரத்தில் ஸ்டாண்டைப் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் வெளிச்சம் எங்கே உடைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

"டீச்சர், ஓரத்துல கடை பேர ஒரு தடவ எழுதிடேன்" என்றார் கணவர். அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "சின்னதா. யாரு கண்ணுக்கும் தெரியாத மாதிரி."

"எழுதறேன். கண் பரிசோதனை இலவசம்னும் எழுதவா?"

"எழுதினா நல்லதுதான்."

அவள் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

படத்தை மாட்டிய நாளன்று கூடத்தில் வழக்கமான சண்டை நடந்தது. கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவர் யாருக்கும் வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் எல்லாருக்கும் வேண்டும். தலைவர் தன் குதிரையை வைத்துவிட்டு, "முதல்ல வந்தவங்க முதல்ல" என்றார். கூடத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. டீச்சருக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. டிவிக்காரி நகர்ந்துகொடுக்கிறேன் என்றாள். "வேண்டாம்மா, உன் குழாய்க்குப் பக்கத்துல இருந்தா என் படம் நனஞ்சிரும்" என்றாள் டீச்சர்.

மறுநாள் காலை பொத்தான் போடுகிற நேரம். எல்லாரும் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். பல் டாக்டர் மட்டும் உள்ளே போனவர் வரவில்லை. "தூங்கிட்டாரா" என்றான் கம்பி. "படத்துக்கெல்லாம் சொத்தை இருக்கான்னு பாக்கறாரு" என்றார் தலைவர். படிக்கட்டே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

அவள் முறை வந்தபோது உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். டம்ளர்களுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அவள் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. கடல் சூரியன் இந்த வருஷம் கூடுதலாக ஒரு பறவையோடு மறைந்துகொண்டிருந்தது. அதன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் பொத்தானைப் போட்டாள்.

பிறகு தலைவர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொரு டம்ளராக மேஜையில் கவிழ்த்தார். குதிரைக்கு ஒன்றும் இல்லை. மௌனத்துக்கு ஒன்றும் இல்லை. குழாய்க்கும் இல்லை. தலைவர் மனைவி கிளிக்குப் பிறகு தைத்த புது அணில், அதுதான் இந்த வருஷம் ஜெயிக்கும் என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தது, அதற்கும் இல்லை. கடல் சூரியன் டம்ளரிலிருந்து ஒற்றைப் பொத்தான் உருண்டு வந்தது. கடைசியாகத் தூணுக்குப் பின்னாலிருந்து டீச்சரின் டம்ளரைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பொத்தான்கள் மேஜை முழுக்கச் சிதறின. இரண்டு கீழே விழுந்து ஓடின.

யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

டீச்சர் அசையாமல் நின்றாள். இத்தனை வருஷமும் காத்திருந்தது நடந்துவிட்டது. கணக்கு மறந்துவிட்டார்கள். பொறாமையையே தின்றுவிட்டது அவள் படம். முதல் முறையாக அந்த முகங்களை வெறுப்பில்லாமல் பார்த்தாள். குதிரைக்காரர்கூட அப்படியொன்றும் மோசமான மனிதர் இல்லை என்று தோன்றியது.

"டீச்சரம்மாவுக்கு இந்த வருஷம் யோகம்" என்றார் தலைவர். சொல்லும்போது மனைவியைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். கம்பி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தோள் குலுங்கியது.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. கணக்கை யாரும் மறக்கவில்லை. வழக்கமான கணக்குத்தான். அதன்படி பார்த்தால், இந்தக் கூடத்திலேயே ஒருக்காலும் முந்தாது என்று எல்லாரும் ஒருமனதாகக் கண்ட படம் அவளுடையது. அணிலைவிட மட்டம். இல்லை, அவர்கள் உண்மையாகவே பிடித்துத்தான் போட்டார்கள் என்றால், காலி டம்ளருக்கு அவள் சொல்லிவந்த அர்த்தம் அத்தனையும் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அவள் விடுவிடுவென்று தூணுக்குப் பின்னால் போய்ப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். மேஜைக்குப் பக்கத்தில், முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தினாள்.

"எல்லாருக்கும் புடிச்சிருக்குல்ல? இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

குழாய் மட்டும் சொட்டியது.

"என்ன டீச்சரம்மா இது, பரீட்சை வெக்கறீங்க" என்றார் தலைவர்.

"நீங்களே ஆரம்பிங்க."

"அது வந்து... கண்ணாடி. நெறைய கண்ணாடி. நீலம் நல்லா அமஞ்சிருந்தது."

"அதுல நீலமே இல்ல."

தலைவரின் மனைவி முன்னால் வந்தாள். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. கடைக்கு வாசல்ல மாட்ட வேண்டிய போர்ட இங்க கொண்டாந்துட்டீங்கன்னு நினைச்சேன். ஆனா நல்ல போர்டு. எங்க வீட்டுக்காரர்கூட, கண்ணாடி மாத்தணும், அங்கயே போவோம்னாரு."

"அக்கா, நானும் விளம்பரம்னுதான் நினைச்சேன்" என்றாள் டிவிக்காரி, சின்னக் குரலில். அவளுக்குப் பொய் சொல்லி இன்னும் பழக்கம் போதவில்லை. "கடைய விக்கப்போறீங்கன்னு சொன்னாங்க. அதுக்காகப் போட்டிருக்கீங்கன்னு."

டீச்சரின் முகத்தில் ரத்தம் ஏறியது. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷமாக இந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது, கிளியும் தவளையும் அழுக்குத் துணியும் எப்படித் தலைநகரம் போயின, விமர்சகர் மெச்சிய தனித்தன்மை என்பது எந்தச் சாக்கடையில் பிறந்தது, எல்லாவற்றையும் அந்த அம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட வாயெடுத்தாள்.

"மூணாவது வரிசையில ஒரு குழந்தைக் கண்ணாடி இருக்கு" என்றார் பல் டாக்டர்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த படத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு கால் ஒடஞ்சு நூல் சுத்தியிருக்கு. நூல் முனை பிரிஞ்சு நிக்குது. யாரோ ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்க வராமலே போயிட்டாங்க போல. அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், நேரமானதே தெரியல. மத்தக் கண்ணாடிங்க எல்லாம் ரொம்ப உழைச்சுப் போட்டது தெரியுது. அது ஒண்ணு மட்டும் உழைப்பே தெரியல. உண்மையச் சொல்லணும்னா டீச்சர், இத்தன வருஷத்துல நான் உங்களுக்கு ஒரு தடவகூடப் போட்டதில்ல. எனக்குப் புடிச்சதில்ல. இந்த வருஷம் உள்ள போனதும் வேற எதுக்கும் போட மனசு வரல."

டீச்சர் திறந்த வாயை மூடவில்லை. அந்தக் குழந்தைக் கண்ணாடி கடை மேஜை இழுப்பறையில் பல வருஷமாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனோடு போனில் பேசி முடித்துவிட்டு வந்து, வேறு எதையோ நினைத்துக்கொண்டே ஒரே மூச்சில் அதைப் போட்டாள். மற்றவற்றோடு அது சேரவில்லை என்று அழிக்கக்கூட நினைத்திருந்தாள். அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. அதைச் சொன்னவர், இந்தக் கூடத்தில் கண் என்று ஒன்று இருப்பதாகவே அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஆள். கூடவே இன்னொன்றும் புரிந்தது. இங்கே பிடித்ததற்குப் போடுகிற பைத்தியம் ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்கும் அவள் படங்கள் இத்தனை வருஷம் பிடிக்கவில்லை.

"ஆங், ஒரு சின்னக் கணக்கு" என்றான் கம்பி. அவனுக்கு இப்போதுதான் உற்சாகம் வந்திருந்தது. "எல்லாப் பொத்தானும் அக்காவுக்கு. ஒண்ணே ஒண்ணு டாக்டருக்கு. அக்காவுக்குப் போட முடியாத ஒரே ஆளு யாரு? அக்காதான். அப்ப டாக்டருக்கு விழுந்தது அக்கா பொத்தான். இல்லியா அக்கா? சூரியன்னா அவ்ளோ இஷ்டமா?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான்.

பல் டாக்டர் மேஜையிலிருந்து அந்த ஒற்றைப் பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நீங்கதானா டீச்சர்?" என்றார். "வருஷாவருஷம் எனக்கு ஒண்ணு விழும். ஒண்ணே ஒண்ணு. இதையெல்லாம் விட்டுத் தொலைக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வீட்டுல பாத்ரூம்ல மாட்டக்கூட விட மாட்டேங்கறா. அப்பறம் டம்ளரக் கவுத்தா ஒண்ணு வரும். சரி, யாரோ ஒருத்தருக்குப் புடிச்சிருக்கு, அவருக்காகவாவது அடுத்த வருஷம் போடுவோம்னு போட்டுக்கிட்டே வந்துட்டேன். நீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. நீங்கதான் யாரையும் ஒத்துக்கவே மாட்டீங்களே."

ஊரில் இத்தனை சூரியன்கள் மறைந்ததற்கு யார் காரணம் என்பது டீச்சருக்கு உறைத்தது. ஏளனம் என்று நினைத்து அவள் போட்ட ஒவ்வொரு பொத்தானும் ஒரு படகாகவும் இரண்டு பறவைகளாகவும் திரும்பி வந்திருக்கிறது. கம்பி புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். சொல்லுங்கக்கா, இப்பச் சொல்லுங்க பாப்போம் என்றது அந்தப் புருவம். உண்மையைச் சொன்னால் எல்லாருடைய முகத்திரையும் கிழியும். ஆனால் முதலில் கிழிவது இந்த மனிதருடைய நெஞ்சு. அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. அவரை முட்டாள் என்று நிரூபித்துவிட்டால், அந்த நூல் சுற்றிய கண்ணாடியைப் பற்றி அவர் சொன்னதும் முட்டாள் சொன்னதாகிவிடும். அவள் கையில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"ஆமா" என்றாள். "நான்தான்."

கம்பியின் புருவம் இறங்கியது.

"அப்ப ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர்" என்று சொல்லிவிட்டு டாக்டர் சிரித்தார்.

தலைவர் பொத்தான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "அப்ப டீச்சரம்மா, படம் போகுதா இல்லியா? இல்லன்னா விதிப்படி அடுத்தது டாக்டரோடது."

கூடம் ஒரு முறை மூச்சைப் பிடித்து விட்டது.

"போகுது" என்றாள் டீச்சர். சொன்ன வேகம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. விளம்பரம் என்று நினைத்துப் போட்ட பொத்தான்கள் தூக்கிக்கொண்டு போகட்டும். தலைநகரத்து விமர்சகர் அதிலும் ஒரு துணிச்சலைக் கண்டுபிடிப்பார். எழுதிவிட்டுப் போகட்டும். மூன்றாவது வரிசையை ஒருவர் பார்த்துவிட்டார். அந்த ஒருவர் யாரென்று கண்காட்சிப் பட்டியலில் போட மாட்டார்கள், அது ஒரு நிம்மதி.

எல்லாரும் தேநீருக்குக் கீழே இறங்கினார்கள். படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்து தேய்ந்தது. டீச்சரும் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் டாக்டர் வாசலை மறித்தபடி நின்றார், கையில் இன்னும் பொத்தானோடு.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வருஷா வருஷம் போட்டீங்களே. எது புடிச்சுது உங்களுக்கு? நான் உங்களோடதுல எதுன்னு சொன்னேன்ல. நீங்களும் சொல்லணும்."

தப்பிக்க வழியில்லை. அவர் அவளைத் தன் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். இத்தனை வருஷம் பொத்தான் போட்டவள், அந்தப் படத்தை நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. உண்மையாகவே தேடினாள். அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரு நல்ல இடம், தெரியாமல் விழுந்த ஒரு கோடு, இந்த மனிதர் எதையோ நினைத்துக்கொண்டே ஒரே மூச்சில் போட்ட ஏதாவது ஒன்று. சூரியனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். படகுக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தாள். பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றும் ஒரே பறவை. ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழ் வரைக்கும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், அவள் நினைத்திருந்தது போலவே ஒரு நல்ல இடம்கூட இல்லாத படம். தன் கணிப்பு இவ்வளவு சரியாக இருந்ததற்காக வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு எரிச்சல் வந்தது.

டாக்டர் பொத்தானை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கையெழுத்து" என்றாள் டீச்சர். "ஓரத்துல உங்க கையெழுத்து இருக்கு பாருங்க. அது நல்லா இருக்கு."

அவர் குனிந்து, ஏதோ இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் போல, படத்தின் வலது மூலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இத இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றார். "அடுத்த வருஷம் கொஞ்சம் பெருசாப் போடறேன்."